இரட்டையர் பிறந்த பிறகு கேட்கப்பட்ட கேள்விகள்: ஹே ஜியான்குய் நிகழ்வு ஆய்வு

"மனித மரபணுவைத் திருத்தலாமா, கூடாதா?" என்று தலைப்புக் கொடுத்துக் கல்லூரி மாணவர்களை இரண்டு அணிகளாக நிறுத்தினால், வாதம் எங்கே போய்ச் சேரும் என்பதை முதல் ஐந்து நிமிடங்களிலேயே சொல்லிவிடலாம். ஓர் அணி, இயற்கையின் வேலையில் மனிதன் கை வைக்கலாகாது என்று தொடங்கி, குழந்தைக்கு உயரமும் நிறமும் கேட்டு வாங்கும் பணக்காரப் பெற்றோரில் வந்து முடிக்கும். எதிரணி, பரம்பரை நோயால் வாடும் ஒரு குழந்தையைக் காட்டி, தடுக்கும் வழி இருந்தும் தடுக்காமல் இருப்பது அறமாகுமா என்று கேட்கும். பட்டிமன்றத்துக்குப் பழகிய காதுகளுக்கு இரண்டுமே இனிக்கும்; நடுவரும் இரு பக்கத்தையும் கொஞ்சம் பாராட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆனால், இந்த வாதம் பெரும்பாலும் இனி வரப்போகும் ஒன்றைப் பற்றியது என்ற நினைப்பிலேயே நடக்கிறது. ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானியின் முயற்சியால், மரபணு திருத்தப்பட்ட குழந்தைகள் 2018-லேயே பிறந்துவிட்டார்கள். அந்த நிகழ்வை மேசை மேல் வைத்துப் பேசத் தொடங்கினால், இரு அணியும் தயாரித்துக்கொண்டு வந்த பேச்சில் பாதி பயன்படாமல் போகும். மாணவர் விவாதத்துக்கு உதவும் வகையில் அந்த நிகழ்வு இங்கே விரிவாக எழுதப்படுகிறது.

நடந்தது

ஹே ஜியான்குய் 1984-ல் சீனாவின் ஹுனான் மாகாணத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, ஸ்டான்ஃபோர்டில் சில காலம் ஆய்வு செய்தபின், 2012-ல் நாடு திரும்பி ஷென்ஜென் நகரில் உள்ள தென் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் மருத்துவர் அல்லர் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னாளில் நீதிமன்றம் பிடித்துக்கொண்டது அந்தப் புள்ளியைத்தான்.

2018 நவம்பர் 25-ஆம் நாள், சீனாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருந்த ஆவணங்களைக் கண்டெடுத்த எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ், மரபணு திருத்திய கருக்களைத் தாய்மார்களின் கருப்பையில் வைக்கும் முயற்சி ஷென்ஜெனில் நடப்பதாகச் செய்தி வெளியிட்டது. அதைத் தொடர்ந்து அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தேவிட்டார்கள் என்றது. ஹேயும் யூடியூபில் தன் காணொளிகளை வெளியிட்டு, லுலு, நானா என்ற புனைபெயர்களில் அந்தக் குழந்தைகளை உலகுக்கு அறிவித்தார். மனித மரபணுத் திருத்தம் பற்றிய இரண்டாவது பன்னாட்டு மாநாடு அதே வாரம் ஹாங்காங்கில் கூடவிருந்தது. நவம்பர் 28 அன்று அவர் அந்த மேடையில் ஏறினார். செய்தி எதிர்பாராமல் கசிந்ததற்கு வருத்தம் தெரிவித்த அவர், செய்த வேலைக்காகப் பெருமைப்படுவதாகவே சொன்னார். இன்னொரு பெண்ணும் கருவுற்றிருக்கிறார் என்பதையும் அங்கேதான் ஒப்புக்கொண்டார்.

அவர் தொட்டது சி.சி.ஆர்.5 என்ற மரபணு. எச்.ஐ.வி. கிருமி நம் வெள்ளணுவுக்குள் நுழைய அந்த வெள்ளணுவின் மேற்பரப்பில் இரண்டு பிடிமானங்கள் தேவை. அவற்றில் ஒன்றாகப் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகள் பயன்படுத்திக்கொள்வது இந்த மரபணு உண்டாக்கும் புரதத்தை. வட ஐரோப்பிய வழி வந்தவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரிடம் இந்த மரபணுவின் (தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக நமக்குள்ள இரண்டு பிரதிகளில்) ஒரு பிரதியில் 32 டி.என்.ஏ. எழுத்துகள் இயல்பாகவே விடுபட்டிருக்கின்றன. இரண்டு பிரதிகளிலும் அப்படி விடுபட்ட சிலரை எச்.ஐ.வி. எளிதில் தொற்றுவதில்லை. பெர்லின் நோயாளி என்று அறியப்பட்ட திமோதி ரே பிரவுனுக்கு, 2007-ல் இரத்தப் புற்றுநோய்க்காக இத்தகைய ஒருவரின் எலும்பு மச்சை பொருத்தப்பட்டு, அதன் வழியே எச்.ஐ.வி.யும் நீங்கியது. ஆகவே, சி.சி.ஆர்.5-ஐ முடக்கினால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஹேயின் திட்டம் அறிவியல் தெரியாத ஒருவரின் கனவு என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. இதை எதிர்த்துப் பேசும் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது.

2016 ஜூன் முதல் தனக்கென ஒரு குழுவைத் திரட்டி, 2017 மார்ச்சுக்கும் 2018 நவம்பருக்கும் இடையே, கணவனுக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ள, மனைவிக்கு இல்லாத எட்டு தம்பதியரை அவர் சேர்த்ததாகக் குவாங்டாங் மாகாண விசாரணை 2019 ஜனவரியில் தெரிவித்தது. ஒரு தம்பதியர் இடையில் விலகினர், ஐவருக்குக் கரு தங்கவில்லை, இருவர் கருவுற்றனர். இரட்டையரும், பிறகு பிறந்த மூன்றாவது குழந்தையும் அந்த இருவர் வழி வந்தவர்கள்.

திருத்தத்தின் தரம்

ஹாங்காங்கில் அவர் காட்டிய தரவுகளை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டாலும் படம் நன்றாக இல்லை. கிறிஸ்பர் கருவி டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும்; வெட்டுப்பட்டதைச் செல் தனக்குத் தெரிந்த வகையில் ஒட்டிக்கொள்ளும்போது சில எழுத்துகள் கூடலாம், குறையலாம். எப்படி ஒட்டும் என்பது கருவியை இயக்குபவரின் கையில் இல்லை. நானாவின் ஒரு பிரதியில் நான்கு எழுத்துகள் குறைந்தன, மற்றதில் ஓர் எழுத்து கூடியது. மரபணு மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், இரண்டிலும் வாசிப்பு தடம்புரண்டு புரதம் உருவாகாமல் போக வாய்ப்புண்டு. லுலுவிடம் ஒரு பிரதியில் பதினைந்து எழுத்துகள் நீங்கின. பதினைந்து மூன்றால் வகுபடும் எண் என்பதால் வாசிப்புத் தடம் மாறாது, ஐந்து அமினோ அமிலங்கள் குறைந்த ஒரு புரதம் உருவாகக்கூடும். அவளுடைய இன்னொரு பிரதியில் மாற்றமே இல்லை. ஐரோப்பியரிடம் காணப்படும் அந்த 32 எழுத்து விடுபாடு இருவரிடமும் ஏற்படவில்லை. அதாவது, மனித உடலில் எப்படி நடந்துகொள்ளும் என்று எவரும் அறிந்திராத புதிய மாற்றங்களே அவர்களுக்குக் கிடைத்தன.

கருவிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்துப் பார்த்து முழு உடலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாச் செல்களிலும் ஒரே வெட்டு விழாமல், கலந்துகட்டிய உடலாக வளரும் வாய்ப்பு உண்டு. இந்தக் கலப்பு லுலு, நானா விஷயத்திலும் நேர்ந்திருக்கலாம் என்று தரவுகளைப் பார்த்த வல்லுநர்கள் கருதினர்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. லுலுவின் கரு பாதிதான் திருத்தப்பட்டது என்பது கருப்பையில் வைக்கும் முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பிரதி மாறாமல் இருந்தால் எச்.ஐ.வி.யிலிருந்து முழுப் பாதுகாப்பு இல்லை. பெற்றோரிடம் சொன்னோம், அவர்கள் விரும்பினார்கள் என்பது அவர் தரப்பு விளக்கம். நோயைத் தடுப்பதே நோக்கமாக இருந்திருந்தால் அந்தக் கருவை வைத்ததற்குப் பொருள் இல்லை. திருத்தும் முறை வேலை செய்கிறதா என்று பார்ப்பது நோக்கமாக இருந்திருந்தால் மட்டுமே பொருள் உண்டு. இந்த முயற்சியின்பால் ஓரளவு பரிவு காட்டிய ஹார்வர்டு விஞ்ஞானி ஜார்ஜ் சர்ச்சே இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

தேவை இருந்ததா?

ஹாங்காங் மேடையில் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் லியு எழுந்து கேட்ட கேள்வி, என் பார்வையில், அந்த மாநாட்டிலேயே கூர்மையானது: இந்தத் தம்பதியருக்கு வேறு வழியில் நிறைவேறாத மருத்துவத் தேவை என்ன இருந்தது? தந்தையிடமிருந்து கருவுக்கு எச்.ஐ.வி. போகாமல் தடுக்க, விந்தணுவை அது மிதக்கும் திரவத்திலிருந்து பிரித்துக் கழுவி எடுக்கும் முறை 1990-களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவமனைகளில் இருக்கிறது. மருந்துகளால் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியே தொற்று பரவுவதில்லை என்பதும் அப்போதே நிலைபெற்ற அறிவு. ஹேயின் குழுவும் முதலில் விந்தணுவைக் கழுவியே எடுத்தது. குழந்தைகள் தொற்றில்லாமல் பிறந்ததற்கு அந்தப் பழைய முறையே போதும். அடுத்துச் செய்யப்பட்ட திருத்தத்துக்கு அதில் பங்கு இல்லை.

லியுவுக்கு ஹே தந்த பதில், இந்த ஒரு குடும்பத்தைத் தாண்டி, எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தில் வாழும் எண்ணற்ற குழந்தைகளுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதாக இருந்தது. எச்.ஐ.வி. மிகுந்த ஒரு கிராமத்தைத் தான் பார்த்ததாகவும் சொன்னார். அந்தப் பதிலில் உருக்கம் இருந்தது. ஆனால், பிற்காலத்தில் ஒரு தொற்று வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலைக்காக, ஆணுறையாலும் மருந்தாலும் தடுக்கக்கூடிய ஒன்றுக்காக, ஒருவருடைய உடலின் ஒவ்வொரு செல்லையும் பிறப்பதற்கு முன்பே மாற்றிவிடுவது எந்தக் கணக்கில் சரியாகும் என்பதற்கு அதில் விடை இல்லை. சி.சி.ஆர்.5-ஐ நாடாமல் வேறு பிடிமானம் வழியே நுழையும் எச்.ஐ.வி. வகைகளும் உண்டு. இந்த மரபணு முடங்கியவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கினால் நோய் கடுமையாகும் என்றும் அறியப்பட்டிருக்கிறது.

திருத்தத்தை எதிர்க்கும் அணிக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. சி.சி.ஆர்.5-இன் இரு பிரதிகளும் முடங்கியவர்கள் 76 வயதுக்கு முன் இறக்கும் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுதல் என்று 2019 ஜூனில் ஓர் ஆய்வு வந்தது. உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. பிரிட்டனின் உயிரித் தரவு வங்கியில் அந்த மரபணுவைக் கணித்ததில் ஏற்பட்ட பிழையால் வந்த எண் அது என்று தெரிந்து, சில மாதங்களிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த எண்ணை இன்றும் மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கும் மாணவர்கள் உண்டு. நம் பக்கத்துக்குச் சாதகமான தரவையும் சந்தேகத்தோடு படிக்கப் பழகாதவர், ஹே தன் தரவுகளைப் படித்த விதத்தைக் குறை கூற முடியாது.

ஒப்புதல் என்ற தாள்

தம்பதியர் ஏன் போனார்கள்? பெய்ஜிங்கில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக இயங்கிய ஒரு தன்னார்வ அமைப்பின் வழியே அவர்கள் அணுகப்பட்டார்கள். சீன விதிகளின்படி, எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்குச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை அளிக்கக் கூடாது. சமூகத்தில் ஒதுக்கப்பட்டு, மருத்துவமனையிலும் கதவடைக்கப்பட்ட ஒருவரிடம், குழந்தையும் உண்டு, சிகிச்சைக்குக் காசும் வேண்டாம் என்று யாராவது வந்து சொன்னால், அவர் போடும் கையெழுத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? கழுவிய விந்தணுவோடு ஒரு சாதாரணச் சோதனைக்குழாய்ச் சிகிச்சை கிடைத்திருந்தால் அவர்கள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள் என்று கருத எல்லா நியாயமும் இருக்கிறது. மரபணுத் திருத்தத்தின் அறம் பற்றிய விவாதம், ஒரு நாட்டின் கருத்தரிப்பு மருத்துவமனைகள் யாரை உள்ளே விடுகின்றன என்ற கேள்வியாக மாறும் இடம் இது.

ஒப்புதல் படிவம் பின்னர் வெளியானது. அதில் இந்த முயற்சி எய்ட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம் என்று குறிக்கப்பட்டிருந்தது. தம்பதியருக்கான செலவில் 2,80,000 யுவான் வரை திட்டமே ஏற்கும் என்றும், கரு வைக்கப்பட்ட பிறகு விலகினால் அதுவரை ஆன செலவைத் திருப்பித் தர வேண்டும், பத்து நாட்களுக்குள் தராவிட்டால் மேலும் ஒரு லட்சம் யுவான் தண்டம் என்றும் எழுதப்பட்டிருந்தது. வெட்டு குறித்த இடம் தவறி விழுந்தால், இன்றைய மருத்துவத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட அந்த விளைவுக்குத் திட்டக் குழு பொறுப்பல்ல என்ற வரியும் இருந்தது. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்பது மனிதர் மீதான ஆய்வின் முதல் பாடம். விலகினால் அபராதம் என்று எழுதிய தாளைக் கடன் பத்திரம் என்று சொல்லலாம், ஒப்புதல் என்று சொல்ல முடியாது. இரண்டு அமர்வுகளில் மணிக்கணக்கில் விளக்கினோம் என்று ஹே ஹாங்காங்கில் சொன்னார். விளக்கியவர்களில் முதன்மையானவர், அந்த முயற்சியால் புகழ் பெறப்போகிற அவரே.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலாகக் காட்டப்பட்ட தாள் போலியானது என்று விசாரணை கண்டது. பெயர் சொல்லப்பட்ட மருத்துவமனை தன் குழு அப்படிக் கூடவே இல்லை என்றது. எச்.ஐ.வி. தடையைத் தாண்ட, கணவர்களுக்குப் பதில் வேறு ஆட்களின் இரத்தம் சோதனைக்குக் கொடுக்கப்பட்டது. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சிலருக்கே தாங்கள் எந்தக் கருவை வைக்கிறோம் என்பது தெரியவில்லை. மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இது பதிவானது 2018 நவம்பர் 8 அன்றுதான். எல்லாம் முடிந்த பிறகு. இத்தனைக்கும் நடுவே, கருக்களின் மரபணுவைத் திருத்துவதற்கான அறநெறிகள் என்று ஐந்து கோட்பாடுகளை ஹேயும் அவர் குழுவினரும் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். இரட்டையர் பற்றிய செய்தி வந்த அதே மாதத்தில் அச்சான அந்தக் கட்டுரையை, எழுதியவர்கள் இந்த முயற்சியில் தங்களுக்கு இருந்த பங்கை மறைத்ததற்காக, 2019-ல் இதழ் திரும்பப் பெற்றது. அறநெறி எழுதத் தெரிந்தவர் அறம் தவற மாட்டார் என்று நம்பும் மாணவர்களுக்கு இந்தச் சிறு செய்தி போதும்.

தெரிந்திருந்தவர்களின் கதை தனி. அமெரிக்க விஞ்ஞானிகள் சிலருக்கு ஹே தன் எண்ணத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தார். சிலர் வேண்டாம் என்று எச்சரித்தனர். நோபல் பரிசு பெற்ற கிரெய்க் மெல்லோ, கரு தங்கிய செய்தி மின்னஞ்சலில் வந்தபோது ஒப்புதல் இல்லை என்று எழுதினார். ஆனால் ஒருவரும் வெளியே சொல்லவில்லை. யாரிடம் சொல்வது என்பதற்கு ஏற்பாடு எதுவும் அப்போது இருக்கவில்லை என்பது அவர்கள் பக்க நியாயம். மாநாட்டின் தலைவர் டேவிட் பால்டிமோர் அந்த வாரமே, விஞ்ஞானிகள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறை தோற்றுவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பின்விளைவு

பல்கலைக்கழகம் 2019 ஜனவரியில் ஹேயை நீக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று ஷென்ஜெனின் நான்ஷான் மாவட்ட நீதிமன்றம், உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக அவருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது; உடன் பணியாற்றிய இருவருக்குக் குறைந்த தண்டனை. 2022 ஏப்ரலில் அவர் வெளியே வந்தார். மனிதக் கருவின் மரபணுவைத் திருத்திக் கருப்பையில் வைப்பதையே நேரடியாகக் குற்றமாக்கும் பிரிவு அப்போது சீனச் சட்டத்தில் இல்லை. 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத் திருத்தம்தான் அதைச் சேர்த்தது. உலகத்தையே உலுக்கிய செயலுக்கு, போலி மருத்துவருக்குரிய சட்டப் பிரிவுதான் கைகொடுத்தது.

விஞ்ஞானிகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஏழு நாடுகளைச் சேர்ந்த 18 பேர், கிறிஸ்பரை உருவாக்கியவர்களில் ஒருவரான இம்மானுவேல் ஷார்ப்பன்டியே உட்பட, சந்ததிக்குக் கடத்தப்படும் கருவழித் திருத்தத்துக்குத் தற்காலிகத் தடை வேண்டும் என்று 2019 மார்ச்சில் நேச்சர் இதழில் எழுதினர். அதே கருவிக்காக அவருடன் 2020-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெனிஃபர் டௌட்னா அதில் கையெழுத்திடவில்லை. 2023-ல் லண்டனில் கூடிய மூன்றாவது மாநாடு, சந்ததிக்குக் கடத்தப்படும் திருத்தம் இப்போதைக்கு ஏற்கத்தக்கதல்ல என்ற அளவில் நின்றுகொண்டது. இந்தியாவில், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தடை செய்கின்றன.

இதனிடையே, பிறந்தவரின் உடற்செல்களை மட்டும் திருத்தும் மருத்துவம் அமைதியாக முன்னேறியது. அரிவாள் செல் சோகைக்கான காஸ்கெவி என்ற கிறிஸ்பர் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோயாளி தன் உடலுக்குத் தானே முடிவெடுக்கிறார், மாற்றம் அவரோடு முடிகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே கண்டறியப்பட்ட நோய் இது என்பதால், நம் மாணவர்கள் இந்த உதாரணத்தை விரும்பி எடுப்பது இயல்பு. ஆனால், கருத் திருத்தத்தை ஆதரித்துப் பேசும்போது காஸ்கெவியைச் சான்றாகக் காட்டுவது தவறு. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விவாதத்துக்கு வைக்கும்போது

இந்த நிகழ்வை மாணவர்களுக்குக் கொடுப்பவர்கள் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. திருத்தலாமா கூடாதா என்று கேட்பதற்குப் பதில், அவர்களை 2017 மார்ச்சில் கூடிய ஒரு நெறிமுறைக் குழுவாக உட்காரவைத்து, மேலே சொன்ன ஒப்புதல் படிவத்தின் விதிகளையும் திட்டத்தையும் முன்னால் வைத்து, கையெழுத்திடுவீர்களா என்று கேட்கலாம். கொள்கையளவில் மரபணுத் திருத்தத்தை முழு மனதாக ஆதரிக்கும் மாணவரும் அந்தத் தாளில் கையெழுத்திடத் தயங்குவார். அதை அடியோடு எதிர்க்கும் மாணவர், எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கருத்தரிப்புச் சிகிச்சை மறுக்கும் விதியைப் படித்ததும் முதல் முறையாக அந்தத் தம்பதியரின் பக்கம் உட்கார்ந்து யோசிப்பார். அதன்பிறகு, படிவம் ஒழுங்காக இருந்து, தேவை உண்மையாக இருந்து, வேறு வழியே இல்லாத ஒரு நோயாகவும் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், அப்போது பழைய தலைப்பு உயிர் பெறும். பெற்றோர் இருவருக்குமே ஒரே பின்னடைவு மரபணு நோய் (இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படுவது) முழுமையாக இருந்து, நோயற்ற கரு கிடைக்கவே வழியில்லாத அரிய குடும்பங்கள் உலகில் உண்டு. கருக்களைச் சோதித்து நல்லதைத் தேர்ந்தெடுக்கும் முறை அவர்களுக்கு உதவாது. எதிரணி அந்த ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

லுலு, நானா, மூன்றாவது குழந்தை ஆகியோரின் அடையாளம் மறைக்கப்பட்டிருக்கிறது. அவர்களுடைய உடல்நிலை பற்றித் தற்சார்பான மருத்துவ அறிக்கை எதுவும் வெளியாகவில்லை. அவர்களை எளிதில் பாதிப்புக்குள்ளாகும் தனிப் பிரிவினராகக் கருதிப் பாதுகாக்க வேண்டும் என்று சீன அறவியல் அறிஞர்கள் சியு ரென்சோங், லெய் ருயிபெங் இருவரும் 2022-ல் கோரினர்; அந்தப் பாதுகாப்பே வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பாகிவிடாதா என்று வேறு சிலர் கேட்டனர். ஹேயின் திட்டத்தில் குழந்தைகளைப் பதினெட்டு வயது வரை தொடர்ந்து பரிசோதிப்பது என்றும், அதன் பிறகு அவர்கள் சம்மதித்தால் மட்டுமே தொடர்வது என்றும் இருந்தது. இரட்டையருக்கு 2036-ல் பதினெட்டு நிறையும். அவர்களிடம் யாராவது ஒரு படிவத்தை நீட்டினால், இந்த முயற்சியில் அவர்களுடைய விருப்பம் முதன்முதலாகக் கேட்கப்படுவது அன்றுதான்.